பச்சையம்மாவின் படத்துக்கு விழுந்த மாலை

1. டீக்கடைக்காரர் கேட்டது

கண்காட்சியின் முதல் நாள் காலை, மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நாங்கள் கட்டியிருந்த பச்சையம்மாவின் படத்துக்கு யாரோ சாமந்தி மாலை போட்டிருந்தார்கள்.

நான் கேமராவும் கையுமாக அங்கே போயிருந்தேன். கட்டிய பேனர்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இன்ஸ்டாலேஷன் ஷாட் என்று இதைச் சொல்வார்கள். கண்காட்சி நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அடுத்த வாய்ப்புக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். இதைப் படிக்கிற இளம் போட்டோகிராபர்கள் அந்த ஒரு வேலையை மட்டும் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடாதீர்கள்.

மாலையைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் முகத்துக்கு ஊர் மரியாதை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாலையோடு சேர்த்து ஒரு படமும் எடுத்தேன். பக்கத்து டீக்கடை முருகேசன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"பாவம், நல்ல பொம்பள. தெனம் விடியக்கால இந்தப் பக்கமாத்தான் போவும். எப்பம்மா எடுக்கிறாங்க?"

"எதை எடுக்கிறாங்க?"

"இன்னாம்மா இப்படிக் கேக்குற. பாடியத்தான். மால வாங்கிப் போட்டுட்டேன், ஊட்டுக்கு ஒரு நட போயிட்டு வந்துரலாம்னு பார்த்தேன்."

நான் திரும்பி என் படத்தைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. ஆளுயரத்துக்கு முகம் மட்டும். சுற்றிலும் கறுப்புப் பட்டை. கீழே பெரிய எழுத்தில் பெயர். கண்காட்சியின் தலைப்பு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. ரோட்டைத் தாண்டி நின்றால் அது தெரியாது. மாலையும் சேர்ந்துவிட்ட பிறகு அது படமாகவே தெரியவில்லை. சாவு போஸ்டர்தான்.

2. அந்தப் படம் அங்கே எப்படி வந்தது

என் பெயர் ரோஸ்லின். மரக்காணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுப்பேன். பெண்கள் விசேஷத்துக்குப் பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம், அதனால் வேலைக்குக் குறைவில்லை. வாய் கொஞ்சம் நீளம் என்பதால் வாடிக்கையாளர்களுக்கும் எனக்கும் அடிக்கடி உரசும். உப்பளத்துக்குப் போய்ப் படம் எடுப்பது எனக்காக நானே வைத்துக்கொண்ட வேலை. அங்கே யாரும் "மூஞ்சிய வெள்ளையாக்கிக் குடு" என்று கேட்க மாட்டார்கள்.

உப்பளத்தில் கேமராவின் வெளிச்சம் அளக்கிற மீட்டரை நம்பினால் கெட்டீர்கள். சுற்றிலும் வெள்ளை என்பதால் அது பயந்துபோய் எல்லாவற்றையும் இருட்டாக்கும்; முகம் கரியாகிவிடும். எக்ஸ்போஷரைக் கூட்டி வைத்து, உப்புப் பாத்தியிலிருந்து எதிரொளிக்கிற வெளிச்சம் தாடைக்கடியில் விழும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும். பச்சையம்மா அக்காவின் படம் அப்படி எடுத்ததுதான். வெயிலுக்கு முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு ஃபிரேம்தான் எடுத்தேன்.

ஆவணப் புகைப்படங்களை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று ஓப்பன் கால் வந்திருப்பதாக ஒரு வாட்ஸாப் குழுவில் பார்த்து, பன்னிரண்டு படங்களை அனுப்பினேன். நூறு நல்ல படங்களை அனுப்புவதைவிட, ஒன்றோடொன்று பேசுகிற பன்னிரண்டை அனுப்புவது மேல். தேர்வானது. அதை நடத்திய நந்தினி மேடம் புதுச்சேரியில் இருப்பவர். படங்களைத் தேர்ந்தெடுப்பது, எதன் பக்கத்தில் எதை மாட்டுவது என்று முடிவு செய்வது எல்லாம் அவர்தான். கியூரேட்டர் என்பார்கள்.

"ரோஸ்லின், கலர்ல பார்த்தா அந்த நீல வானமே கண்ணை இழுத்துடுது. கறுப்பு வெள்ளைல போடலாமா? முகம் மட்டும் நிக்கும்" என்றார்.

எனக்கும் பிடித்திருந்தது. புதுச்சேரி கேலரியில் வெள்ளைச் சுவரில் அந்த முகங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்ததைப் பார்த்து, ஸ்டூடியோவில் நான் எடுத்ததெல்லாம் படமே இல்லை என்று தோன்றியது. வந்தவர்கள் படங்களுக்கு முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அங்கே எவருக்கும் சாவு நினைவுக்கு வரவில்லை.

பிறகுதான் நந்தினி மேடம் சொன்னார். "இந்தப் படங்களை அந்த ஜனங்க பார்க்க வேண்டாமா? அவங்க ஊர்லயே, அவங்க நடக்கிற ரோட்லயே வைப்போம்."

நல்ல யோசனை. இன்றும் அதை நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கினோம். கேலரியில் இருந்த அதே டிசைனைப் பெரிதாக்கி, வெயிலில் பளபளக்காத மேட் ஃப்ளெக்ஸில் புதுச்சேரியிலேயே பிரிண்ட் போட்டு வந்தது. உப்பு மூட்டை ஏற்றுகிற ஏழுமலையின் குட்டியானை லோடு வண்டியில் சவுக்குக் கம்பு ஏற்றிக்கொண்டு போய், ஈ.சி.ஆர். ரோட்டோரம் கட்டினோம்.

எங்கள் பக்கத்தில் ரோட்டில் கட்டுகிற பேனரில் உயிரோடு இருப்பவர்கள் கலரில்தான் சிரிப்பார்கள். காதுகுத்து, பிறந்தநாள், தலைவர் வருகை எல்லாமே அப்படித்தான். கறுப்பு மையில் முகமும் பெயரும் மட்டும் வந்தால், அதற்குமேல் யாரும் படிக்க மாட்டார்கள். என் ஸ்டூடியோவிலேயே அப்படிப்பட்ட போஸ்டருக்கு எத்தனையோ முகங்களை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கேலரியில் பார்த்துப் பழகிய கண் என்னோடு ரோட்டுக்கும் வந்துவிட்டது. கட்டும்போது நானும் அழகைத்தான் பார்த்தேன்.

3. "எத்தினி எடத்துல கட்டியிருக்க?"

முருகேசன் சொன்னதைக் கேட்டு முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, நேரே உப்பளத்துக்கு வண்டியை விட்டேன். நான்கைந்து பெண்களோடு பச்சையம்மா அக்கா உப்பு வாரிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் வாருபலகையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏம்மா பச்சையம்மா, நீ செத்தும் வேலைக்கு வந்துட்டியா" என்று ஒருத்தி கேட்டாள்.

"மேஸ்திரி உடுவாரா" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டே குனிந்தவர், அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரோசி, என் மூஞ்சிய எத்தினி எடத்துல கட்டியிருக்க?"

"மூணு எடத்துலக்கா. பஸ் ஸ்டாண்டு, இந்த உப்பளம் திருப்பம், அப்புறம் அனுமந்தை நொழையற எடம்."

"இன்னிக்கு சுமதி வர்றாடி."

சுமதி அவருடைய ஒரே மகள். குயிலாப்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல். சுமதிக்கு ஏற்கெனவே இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. இது மூன்றாவது, ஏழு மாதம் தாண்டியிருந்தது. பிரஷர் இருக்கிறது, மனசுக்கு அதிர்ச்சி எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று மாமியார் காலையில் பஸ் ஏற்றிவிடுவதாகப் பேச்சு. அந்தப் பஸ் ஈ.சி.ஆர். வழியாக, அனுமந்தையைத் தாண்டித்தான் மரக்காணம் வர வேண்டும்.

எனக்குப் பயம் வந்தது. பயம் என்றால் சும்மா சொல்கிற பயம் இல்லை.

அக்கா சாப்பாட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். கை முழுக்க உப்புநீர் இருந்ததால் ஸ்கிரீன் தொடுதலை வாங்கவில்லை. நான் பிடுங்கி அழுத்தினேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். முழுவதும் அடித்து ஓய்ந்தது.

"பஸ் சத்தத்துல கேக்காதுக்கா" என்றேன்.

"கேக்கும். மடியிலதான் வச்சிருப்பா. நான் கூப்ட்டா மொத மணியில எடுத்துருவா." அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக்கொண்டார். "ரோசி, அவ பாத்துட்டாளா?"

என் நீளமான வாய்க்கு அன்று வேலையே இல்லை.

4. எதிரே போன பஸ்

ஏழுமலைக்குப் போன் செய்தேன். அவர் பக்கத்துக் களத்தில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் பாதி புரிந்ததோ இல்லையோ, மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"பின்னால ஏறும்மா. கட்டிங் பிளேயர் சீட்டுக்கு அடியில கெடக்குது."

உப்பளம் திருப்பத்தில் இருந்த பேனரை முதலில் அறுத்தோம். கட்டும்போது காற்றுக்குத் தாங்க வேண்டும் என்று கட்டுக்கம்பியை நான்தான் இறுக்கி முறுக்கியிருந்தேன். இப்போது அது அவிழ மாட்டேன் என்றது. விரலில் ரத்தம் வந்தது. அக்கா தன் முகத்தைத் தானே இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கிழித்தார். சுருட்டி வண்டியில் போட்டுவிட்டு அனுமந்தையைப் பார்த்துக் கிளம்பினோம்.

பாதி வழியில் புதுச்சேரியிலிருந்து வருகிற பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அக்கா பின்னால் எழுந்து நின்று கையை ஆட்டினார். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டார்.

"அதுல இருந்தாளா? ஏழுமல, நீ பாத்தியா?"

"ஸ்பீடா போயிடுச்சும்மா. தெரியல."

திரும்புவதா, போவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பஸ்ஸில் சுமதி இருந்தால், அனுமந்தை பேனரை அவள் தாண்டி வந்துவிட்டாள் என்று அர்த்தம்; பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இன்னொன்று அப்படியே நிற்கிறது. இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் வருகிறாள். அனுமந்தை பேனரை உடனே இறக்க வேண்டும். நான் முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்தப் படத்த அறுத்துப் போட்ருங்க. இப்பவே. அவங்க உயிரோட இருக்காங்க, என் பக்கத்துல நிக்கிறாங்க. சுமதின்னு அவங்க பொண்ணு பஸ்ல வந்தா அங்கயே உக்கார வைங்க."

"இன்னாது? உயிரோடவா?" என்றார் முருகேசன். அவருக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. வைத்துவிட்டேன்.

அக்கா மகளுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். மணி போகிறது, யாரும் எடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்குரல் வந்து நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் பதில் அளிக்கவில்லை என்று நிதானமாகச் சொன்னது. நான் சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறவள் இல்லை. அன்று குட்டியானையின் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி மறந்திருந்தது.

5. பேனருக்குக் கீழே

அனுமந்தை நிழற்குடைக்குப் பக்கத்தில் கூட்டம் தெரிந்தது. நான் கட்டிய படம் அதற்கு நேர்மேலே நின்றது. அதன் கீழே சிமெண்ட் பெஞ்சில் சுமதி உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கப் போகிற இரண்டு பெண்கள் அவளை இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்து படத்தைப் பார்த்தவள் கூச்சல் போட்டு நிறுத்தி அங்கேயே இறங்கிவிட்டாளாம்.

அவள் மடியில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அடிப்பது அக்காதான். நானே அதைப் பார்த்தேன். ஸ்கிரீனில் 'அம்மா' என்று வந்துகொண்டிருந்தது. சுமதி இரண்டு கையையும் போனிலிருந்து விலக்கி, அது சுடுகிற மாதிரி தள்ளி வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் எடுக்காமல் இருந்தாள்.

மீன்காரப் பெண்களில் ஒருத்தி எங்களிடம் சொன்னாள். "அம்மா போயிட்டாங்களாம். அந்த போன எடுக்க மாட்டேங்குதுங்க. ஊட்ல யாரோ அம்மா போன்லருந்து சாவு சொல்லத்தான் கூப்புட்றாங்க, எடுத்தா நெஜமாயிடும்னு சொல்லுது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் பதறிப் பதறி அடித்த ஒவ்வொரு மணியும் அந்தப் பெண்ணுக்குச் சாவுச் செய்தியாகத்தான் போயிருக்கிறது. அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, வழி நெடுக நாங்களே அவளைப் பயமுறுத்தியிருக்கிறோம்.

அக்கா வண்டியிலிருந்து குதித்து, "சுமதி" என்று ஓடினார். வேலையிலிருந்து அப்படியே வந்தவர். முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. கை வெள்ளை. புருவம் வெள்ளை. வெயிலுக்குக் கட்டிய துணி முகத்தை மூடியிருந்தது. சுமதி நிமிர்ந்து பார்த்தாள். மேலே இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி அந்த வெள்ளை உருவத்தைப் பார்த்தாள்.

"கிட்ட வராத" என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு பெஞ்சின் மறுமுனைக்கு நகர்ந்தாள். "வராதம்மா. போயிடு. என் புள்ளகிட்ட வராத."

அக்கா நின்றுவிட்டார். பெற்ற மகள் தன்னைப் பேய் என்று நினைத்து ஒதுங்குகிறாள் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ முகங்களை அருகில் போய்ப் படம் எடுத்திருக்கிறேன். அந்த இரண்டு முகங்களை என்னால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அக்கா முகத்துத் துணியை அவிழ்த்துக் கீழே போட்டார். அழவில்லை. வழக்கமாக மகளைத் திட்டுகிற அதே குரலில் கேட்டார்.

"ஏண்டி, காலைல பிரஷர் மாத்திர போட்டியா இல்லியா?"

சுமதி துணி விலகிய அந்த முகத்தையே பார்த்தாள்.

"கேக்குறன்ல. போட்டியா? வெறும் வயித்துல பஸ் ஏறிட்டியா?"

"இட்லி சாப்ட்டேன்" என்றாள் சுமதி. சொன்ன பிறகுதான் அழுகை வெடித்தது. அம்மாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மீன்காரப் பெண்களும் அழுதார்கள். ஏழுமலை பேனரை அறுத்து இறக்கிக்கொண்டிருந்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது சுமதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வயிறு இறுக்கமா இருக்குதும்மா" என்றாள்.

6. ஆஸ்பத்திரியில்

குட்டியானையின் பின்னால் விரிக்க எங்களிடம் வேறு எதுவும் இல்லை. அந்த ஃப்ளெக்ஸைத்தான் விரித்தோம். மகள் உட்காரும் முன்னால் அக்கா அதைப் பிடுங்கித் தன் முகம் கீழே போகும்படி திருப்பிப் போட்டார். வழியில் சுமதி, "ஆடல. காலைலருந்து ஆடிட்டே இருந்துச்சு, இப்ப ஆடல" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

மரக்காணம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். வயிற்றில் ஜெல் தடவி, குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கிற சின்னக் கருவியை வைத்தார். கரகரவென்று சத்தம். இடம் மாற்றினார். மறுபடி கரகரப்பு. அக்கா என் தோளைப் பிடித்திருந்தார். நகம் உள்ளே இறங்கியது. இந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் இந்த ஊரில் எப்படி இருப்பேன், இந்தக் கேமராவை எந்தக் கையால் தொடுவேன் என்றெல்லாம் மனசு ஓடியது. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்பு அனுபவித்ததில்லை, இனியும் வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து என் போன் அதிர்ந்தது. நந்தினி மேடம். நான் வெளியே போய் எடுத்தேன்.

"ரோஸ்லின், இன்ஸ்டாலேஷன் ஷாட்ஸ் ரெடியா? இன்னிக்கே போஸ்ட் பண்ணலாம்னு பார்த்தேன்."

நடந்ததைச் சொன்னேன். "நான் கிளம்பி வர்றேன்" என்று மட்டும் சொன்னார். வந்தார். மிச்சமிருந்த பேனர்களை அவரே நின்று இறக்கினார். யார்மேல் தப்பு என்று அப்புறம் நிறையப் பேர் என்னிடம் கேட்டார்கள். அந்தப் பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை.

நான் உள்ளே திரும்பி வந்தபோது நர்ஸ் கருவியை அசைக்காமல் பிடித்திருந்தார். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"இதோ கீதும்மா. ஓரமா போயி படுத்துக்கிட்டு இருக்குது உம் புள்ள" என்றார் நர்ஸ்.

பிரஷர் இறங்கும்வரை சுமதியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வயிற்று இறுக்கம் சாயங்காலத்துக்குள் விட்டது. மாதம் நிறைந்து பெண்குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது.

7. நான் கேட்கிற கேள்வி

அந்தப் பன்னிரண்டு படங்களையும் வேறொரு ஊரில் வைக்க நந்தினி மேடத்துக்கு அழைப்பு வந்தது. பெரிய வாய்ப்பு. பச்சையம்மா அக்காவின் படத்தை மட்டும் வரிசையிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைத்து அக்காவிடமே போய்க் கேட்டேன்.

"ஏன் எடுக்கணும்? நல்லாத்தான இருக்குது" என்றார். "எங்க வேணா வையி ரோசி. என் பொண்ணு வர்ற ரோட்ல வைக்காத."

இளம் போட்டோகிராபர்களுக்கு நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். படத்தில் இருப்பவரிடம் சம்மதம் வாங்குகிறோம், கையெழுத்தும் வாங்குகிறோம். அவருடைய முகத்தைக் கண்டால் நெஞ்சு துடிக்கிற இன்னொருவர் எங்கோ இருப்பார். அவரை யாரும் கேட்பதில்லை. இப்போது படத்தை ரோட்டில் வைப்பதற்கு முன்னால், உங்களைத் தேடி யார் வருவாங்க, எந்த வழியா வருவாங்க என்று நான் கேட்கிறேன். பேனர் என்றால் கலரில்தான் போடுகிறேன். கேலரி ஆட்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சுமதி இன்றுவரை திடீரென்று 'அம்மா' என்று போன் வந்தால் எடுப்பதில்லை. எடுக்க முடியவில்லை என்கிறாள். போன வாரம் பச்சையம்மா அக்கா பேத்தியின் படத்தை பிரிண்ட் போட ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். மகளிடம் எந்த சைஸ் என்று கேட்க வேண்டியிருந்தது. வாட்ஸாப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்து, வாயருகே வைத்துப் பேசினார்.

"சுமதி, அம்மாதாண்டி. நல்லா இருக்கேன். ரோசி கடையில நிக்கிறேன். இப்ப கூப்புட்றேன், எடு."

மைக் அடையாளம் நீலமாகி, அதை அவள் கேட்டுவிட்டாள் என்று தெரிகிறவரை இரண்டு பேரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகுதான் அவர் மகளுக்குப் போன் போட்டார்.